35 மயிலும் வயிறு வெடித்த யானையும்: முதலியார்பேட்டை ஓவிய வகுப்பில் ஒன்பது மாதம்

போன வருஷம் காலாண்டு லீவில், எங்கள் பாப்பா அப்போது போய்க்கொண்டிருந்த ஓவிய வகுப்பில் கண்காட்சி வைத்தார்கள். கடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் டைனிங் ஹால், சுவர் முழுக்க மயில். மொத்தம் 35 மயில், எண்ணினேன், எண்ணுவதைத் தவிர அங்கே செய்ய வேறு ஒன்றும் இல்லை. எல்லா மயிலும் இடது பக்கம் பார்க்கிறது, எல்லாவற்றுக்கும் கழுத்தில் அதே வளைவு, தோகையில் அதே ஒன்பது கண், ஓரத்தில் அதே கறுப்பு ஸ்கெட்ச் பேனா கோடு. என் மகள் போட்ட மயில் எது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை, அவளுக்கே தெரியவில்லை. ஒவ்வொரு தாளாகத் தூக்கி, பின்பக்கம் எழுதியிருந்த பெயரைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். அங்கே கொடுத்த மெடல் இன்னும் ஷோகேஸில் தொங்குகிறது. அந்த வகுப்பின் பெயர் இங்கே வேண்டாம், அவர்கள் மட்டுமா அப்படி நடத்துகிறார்கள்.

அதற்கப்புறம் சில மாதம் எங்கும் அனுப்பவில்லை. நடுவில் வெள்ளம் வேறு வந்துவிட்டது, அதைப் பிறகு சொல்கிறேன். பொங்கல் முடிந்த பிறகு, என்னுடன் வேலை பார்க்கிற ஒருவர், புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஒரு அக்கா வீட்டிலேயே எட்டுப் பிள்ளைகளை மட்டும் வைத்து வகுப்பு எடுக்கிறார், போய்ப் பாருங்கள் என்றார். எட்டே பேரா என்று கேட்டதும் எனக்குள் ஓடிய கணக்கு ஃபீஸ் எவ்வளவு இருக்குமோ என்பதுதான். ஜனவரி கடைசியில் சேர்த்தோம், இப்போது ஒன்பது மாதம் ஆகிறது. கேட்கிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் அனுப்பி அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். தன் பெயரைப் போட வேண்டாம் என்று அந்த அக்கா சொல்லிவிட்டார், ஏற்கெனவே பதினொரு பேர் இடத்துக்குக் காத்திருக்கிறார்களாம். பெயர் இல்லாத விமர்சனத்தால் என்ன பிரயோஜனம் என்றால், இந்த மாதிரி வகுப்பு உங்கள் தெருவிலேயேகூட இருக்கலாம், சேர்ப்பதற்கு முன்னால் எதைப் பார்ப்பது என்பதற்காவது இது உதவும்.

கடலூரிலிருந்து பாண்டி பஸ்ஸில் ஏறினால் ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் எல்லாம் தாண்டி முதலியார்பேட்டை. பஸ் ஸ்டாண்டு வரை போக வேண்டியதில்லை என்பதே பெரிய நிம்மதி, பாண்டி ஆட்டோக்காரர்களிடம் மீட்டரைப் பற்றிப் பேசிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இறங்கி நாலு நிமிஷ நடை. பழைய ஓட்டு வீடு, அக்காவின் தாத்தா ஏ.எஃப்.டி. மில்லில் வேலை பார்த்த காலத்தில் கட்டியது. முன்னால் திண்ணை, பின்னால் நீளமான தோட்டம், ஒரு முருங்கை, ஒரு நாரத்தை, இரும்பு வலை போட்டு மூடிய கிணறு. வலையை முதல் நாளே ஆட்டிப் பார்த்துவிட்டேன், உறுதியாகத்தான் இருக்கிறது. வகுப்பு நடப்பது பின்பக்கத் தாழ்வாரத்தில், நாலு குட்டை மேஜை, இரண்டு ஃபேன், ஏ.சி. கிடையாது. அக்கா அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் படித்தவர். உதவிக்கு அங்கேயே இப்போது படிக்கிற ஒரு பையன் வருகிறான், பிள்ளைகளுக்கு அவன் அண்ணா. சனிக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டரை வரை. ஐந்து வயதிலிருந்து பதினொன்று வரை எல்லாரும் ஒன்றாகத்தான் உட்காருகிறார்கள். பெற்றோருக்கு உள்ளே அனுமதி இல்லை, திண்ணையோடு சரி. ஆனால் திண்ணை ஓரமாக உட்கார்ந்தால் நடை வழியாகத் தாழ்வாரமும் தோட்டமும் தெரியும். நான் எழுதுவது பெரும்பாலும் அந்த ஓரத்திலிருந்து பார்த்ததுதான்.

முதல் நாள் தாள், பென்சில், கலர் எதுவும் கொடுக்கவில்லை. தோட்டத்துச் சிமென்ட் தரையில் ஆளுக்கு ஒரு செங்கல் துண்டு, ஒரு அடுப்புக்கரி, ஒரு சாக்பீஸ். மற்ற பிள்ளைகள் தவழ்ந்துகொண்டு கிறுக்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் பாப்பா மட்டும் செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"அக்கா, என்ன வரையணும்?"

"உனக்கு என்ன தோணுதோ அது."

"நீங்க சொல்லுங்க."

அக்கா சொல்லவில்லை. பத்து நிமிஷம் அப்படியே போனது, திண்ணையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, எழுந்து போய் எதையாவது வரைடி என்று சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது. அப்புறம் அவளாகவே உட்கார்ந்து வரைந்தாள். என்ன வரைந்திருப்பாள் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து இறங்கி வருகிற ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை, மேலே நாலு காக்கா. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போனவர்கள் எல்லாரும் ஒரு முறையாவது இதைப் போட்டிருப்போம்.

அக்கா அதைப் பார்த்து நல்லாயிருக்கு என்றும் சொல்லவில்லை, இது வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "உங்க ஊர்ல சூரியன் எங்கேருந்து வரும்?" என்று மட்டும் கேட்டார். "கடல்லேருந்து." "நீ பாத்திருக்கியா?" "தேவனாம்பட்டினத்துல பாத்திருக்கேன்." அவ்வளவுதான், அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாஸ்தவம்தானே, கடலூரில் மலைக்கு எங்கே போவது? கேப்பர் மலை என்று பெயருக்கு ஒன்று இருக்கிறது, செம்மண் மேடு, மேலே முந்திரித் தோப்பும் மத்திய சிறையும். அதுவும் ஊருக்கு மேற்கே, சூரியன் அங்கே போய் மறையலாமே தவிர உதிக்க வழியில்லை. கடலை வாரம் ஒரு தடவை பார்க்கிற பிள்ளை கையில் செங்கல்லைக் கொடுத்ததும் மலையை வரைகிறது என்றால் அது யார் போட்ட மலை என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன்.

இந்த வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், அக்கா கையில் பென்சில் இருக்காது என்பதுதான். பிள்ளைகளின் தாளை அவர் தொடுவதே இல்லை. மாட்டுக்குப் பின்னங்கால் எப்படிப் போடுவது என்று ஒரு பையன் கேட்டான், இரண்டு கோடு இழுத்துக் காட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். அவனை நாலு காலில் நடக்கச் சொன்னார், அவனும் தாழ்வாரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மாடாக நடந்தான், மற்றவர்கள் அவன் முட்டி எங்கே மடங்குகிறது என்று பார்த்தார்கள், அப்புறம் தெருவில் உண்மையான மாடு ஒன்று வந்ததும் எல்லாரும் திண்ணைக்கு ஓடிவந்து, மாட்டுக்குப் பின்னால் வேறு மாதிரி மடங்குகிறதே என்று ஒரே சண்டை. அந்தப் பையன் போட்ட மாடு, சொல்லக் கூடாது, கட்டில் மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்தப் பின்னங்கால் மட்டும் மாட்டுக்கால்.

பழைய வகுப்பு டீச்சரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. ஒரு மணி நேரத்தை 35 ஆல் வகுத்தால் தலைக்கு இரண்டு நிமிஷம்கூட வராது. அதற்குள் ஒரு பிள்ளையின் மயிலைப் பார்க்கத்தகுந்த மயிலாக ஆக்கி வீட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால் ஸ்கெட்ச் பேனாவை அவரே எடுத்து ஓரம் போட்டுத்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஃபீஸ் கட்டுகிற நாம் விடுவோமா? இங்கே இரண்டரை மணி நேரம், எட்டுப் பேர், தலைக்கு 18 நிமிஷத்துக்கு மேல், அண்ணாவையும் சேர்த்தால் அதில் இரட்டிப்பு. பத்து நிமிஷம் ஒரு பிள்ளை சும்மா நின்றாலும் யாருக்கும் நஷ்டமில்லை. சின்னக் குழு என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அதனால் கிடைப்பது அதிகக் கவனிப்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவசரப்படுத்தாமல் விடுவதற்குக் கிடைக்கிற நேரம்தான் பெரிய லாபம். இதெல்லாம் புதுசும் இல்லை, 1897-லேயே வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் என்ற ஓவியர், பெரியவர்கள் வரைந்ததைப் பார்த்து நகல் எடுக்காமல் பிள்ளைகள் தங்கள் மனசில் உள்ளதை வரையட்டும் என்று தனியாக வகுப்பு ஆரம்பித்துவிட்டார். நம் மயில் ஹால்களுக்குத்தான் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

ரப்பரும் கிடையாது. இதற்குத்தான் பாப்பா முதல் மாதம் அழுதாள்.

கலர் வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போஸ்டர் கலரில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, நாலே புட்டி. கறுப்பு கொடுக்க மாட்டார்கள், கறுப்பு இருந்தால் பிள்ளைகள் எல்லாவற்றையும் அதில் கலந்து இருட்டாக்கிவிடுவார்களாம். அன்றைக்கு ஆளுக்கு ஒரு முகம் வரைய வேண்டும். ஆறு வயசுப் பையன் ஒருவன் "ஸ்கின் கலர் எங்கக்கா?" என்று கேட்டான். கிரேயான் டப்பாவில் ஒன்று இருக்குமே, வெளுத்த ரோஜா நிறத்தில், அதைத்தான் கேட்கிறான். அந்த நிறத்தில் எங்கள் சொந்தத்தில் ஒருத்தர்கூடக் கிடையாது, ஆனாலும் நான் படித்த காலத்திலிருந்து அதற்குப் பெயர் ஸ்கின் கலர். அக்கா எட்டுப் பேரையும் முழங்கையை மேஜை மேல் வைக்கச் சொன்னார். கலரைக் கலக்கி அவரவர் கையில் ஒரு பொட்டு வைக்க வேண்டும். பொட்டு எப்போது கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறதோ அப்போது கலர் சரி.

சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து ஆரஞ்சு ஆனது, அது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். அதில் துளி நீலம் விட்டால் பழுப்பு. ஒரு சொட்டு கூடிவிட்டால் பாசி பிடித்த குளத்துத் தண்ணீர். பாப்பாவுக்கு இரண்டு தடவை குளத்துத் தண்ணீர்தான் வந்தது, கையெல்லாம் பச்சைப் பொட்டு. மூன்றாவது தடவை பிரஷ் நுனியில் நீலத்தைத் தொட்டும் தொடாமலும் எடுத்து, கலக்கி, முழங்கைக்குக் கீழே வைத்தாள். நான் இருந்த இடத்திலிருந்தே அவள் முகம் மாறுவது தெரிந்தது. பொட்டு காணாமல் போய்விட்டது, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஈரம் மட்டும் மின்னுகிறது. அப்புறம் ஒவ்வொரு கலருக்கும் பெயர் வைக்கச் சொன்னார்கள். எட்டுப் பேருக்கும் எட்டுப் பழுப்பு. கருப்பட்டி, சுக்குக் காப்பி, சப்போட்டா, பாக்கு, பனங்கிழங்குத் தோல் என்று போனது. எங்கள் வீட்டு ஆள் வைத்த பெயர் வறுத்த முந்திரி, அம்மா வழிச் சொந்தம் பண்ருட்டி ஆயிற்றே. மிச்சக் கலரை ஒரு மூடியில் ஊற்றிக் கொண்டுவந்து வீட்டில் அவள் ஆயா (என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன்) கையில் பொட்டு வைத்துப் பார்த்தாள். அத்தை கொஞ்சம் வெளுப்பு, மறையவில்லை. "ஆயா கலருக்கு இன்னும் மஞ்சள் போடணும்" என்று ஒரு வாரம் அதே பேச்சு.

இனி களிமண். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை களிமண் வேலை, மண் வில்லியனூர்க் குயவர்களிடமிருந்து வருகிறது. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருப்பது பலருக்குத் தெரியாது, பாண்டியில் இருக்கிறவர்களுக்கே. மண்ணைப் பிசைந்து காற்றை வெளியேற்றுவது, இரண்டு துண்டை ஒட்டுகிற இடத்தில் கீறிவிட்டுச் சேறு தடவி அழுத்துவது, இதெல்லாம் அண்ணா சொல்லித் தருகிறான். இதில் மட்டும் விதி உண்டு, ஏனென்றால் மண்ணுக்கு விதி உண்டு. கட்டியாகப் பிடித்தால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும், சூளையில் சூடு ஏறும்போது அது ஆவியாகி வெடித்துவிடும். அதனால் பெரிய உருவம் எதுவானாலும் உள்ளே குடைய வேண்டும், அப்புறம் நிழலில் ஒரு வாரத்துக்கு மேல் காய வேண்டும்.

பாப்பா யானை செய்தாள். யானை என்றால் ஏதோ யானை இல்லை, மணக்குள விநாயகர் கோயில் லட்சுமி. நாலு வயசில் ஒரே ஒரு தடவை அதனிடம் ஆசீர்வாதம் வாங்கியிருக்கிறாள், தும்பிக்கை தலையில் பட்டதும் என் புடவைக்குள் ஒளிந்துகொண்டாள். 2022 நவம்பர் 30-ஆம் தேதி காலை நடைப்பயிற்சியில் லட்சுமி விழுந்து இறந்தபோது ஊரே தெருவில் நின்று அழுதது, அதையெல்லாம் டிவியில் பார்த்தாள். அதற்கப்புறம் யானை என்றாலே இவளுக்கு லட்சுமிதான். நெற்றியில் கோலமெல்லாம் குச்சியால் கீறி, காலில் கொலுசு வைத்து, தடியாக, நல்ல கனமாக ஒரு யானை. அண்ணா வந்து வயிற்றைக் குடையச் சொன்னான். மாட்டேன் என்றுவிட்டாள். "குடைஞ்சா லட்சுமிக்கு வலிக்கும்." அவன் ஏன் என்று விளக்கினான், வெடித்துவிடும் என்றும் சொன்னான். இவள் அசையவில்லை. அவன் அக்காவைப் பார்க்க, அக்கா சரி விடு என்று கையைக் காட்டிவிட்டார்.

மூன்று வாரம் கழித்துச் சூளையிலிருந்து எல்லாருடைய பொம்மையும் வந்தது. இவளுக்கு மட்டும் பிளாஸ்டிக் கவரில் பதினாறு துண்டு. வயிறு மொத்தமும் போய்விட்டது, தலையும் ஒரு காலும் முழுசாக இருந்தன. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. தெரிந்தே விட்டிருக்கிறார்களே, ஏழு வயசுப் பிள்ளை, அதுவும் அந்த யானை. அக்காவிடம் கேட்டேன். வெடிக்கும் என்று சொன்னோம், அவளுக்கு அது வெறும் வார்த்தைதான், இனிமேல் வார்த்தையாக இருக்காது என்றார். சமாதானம் ஆகவில்லை. இப்போதும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை, இந்த ஒன்றில் அவர் செய்தது சரியா என்று எனக்குள் இரண்டு கட்சி இருக்கிறது. உங்கள் பிள்ளை சட்டென்று உடைந்துபோகிற ரகம் என்றால் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள். பாப்பா பஸ்ஸில் அழுதாள், அரியாங்குப்பம் தாண்டியதும் கவரைப் பிரித்து எந்தத் துண்டு எங்கே வரும் என்று மடியில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள். ஜூன் மாதம் அக்கா எல்லாரையும் பாரதி பூங்கா பக்கத்து அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய் அரிக்கமேட்டுப் பானைத் துண்டுகளைக் காட்டினார். 1945-இல் வீலர் என்ற தொல்லியலாளர் தோண்டியபோதிருந்து பேர்பெற்ற இடம், நாம் வாராவாரம் பஸ்ஸில் தாண்டிப் போகிற அரியாங்குப்பத்துப் பக்கம்தான். உடைந்ததையும் பத்திரமாகக் கண்ணாடிக்குள் வைப்பார்கள் என்பதைத்தான் அங்கே இவள் பார்த்திருக்கிறாள், திரும்பி வந்ததும் யானைக் கவருக்கு ஒரு ஸ்வீட் டப்பா கேட்டாள்.

வெள்ளம் என்று ஆரம்பத்தில் சொன்னேனே. எங்கள் வீடு ஆல்பேட்டைப் பக்கம், பெண்ணையாற்றிலிருந்து கூப்பிடு தூரம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்தது, பாண்டியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. அன்றைக்கு எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, தப்பித்தோம் என்று இருந்தபோது, சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் ஆற்றில் வந்து சேர்ந்தது. விடியற்காலையில் வீட்டுக்குள். முட்டிக்கு மேல். இரண்டு நாள் மொட்டை மாடி, அப்புறம் சொந்தக்காரர்கள் வீடு. வந்து கழுவி விட்டோம், வாழ்க்கை அதன் பாட்டுக்குப் போனது. பாப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை, குழந்தைதானே மறந்துவிட்டாள் என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை தலைப்பு எதுவும் இல்லாமல் பெரிய தாள் கொடுத்தார்கள், கையால் செய்த தாள், பருத்தித் துணியை ஊறவைத்துக் கூழாக்கிச் செய்வதால் தண்ணீர் பட்டால் ஸ்கூல் டிராயிங் நோட்டு மாதிரி சீக்கிரம் பஞ்சு பஞ்சாகக் கிளம்பாது. அதில் எங்கள் ஹாலை வரைந்திருந்தாள். கட்டில் மேல் கிரைண்டர், கிரைண்டர் மேல் பக்கத்து வீட்டுப் பூனை, ஃபிரிட்ஜ் சாய்ந்து கிடக்கிறது, அவள் அப்பா தலையில் அரிசி மூட்டை. தண்ணீருக்கு நீலம் போடவில்லை. அந்த வறுத்த முந்திரிக் கலரைத்தான் கொஞ்சம் கலங்கலாகப் போட்டிருந்தாள், ஆற்று வெள்ளம் அந்த நிறத்தில்தான் வந்தது. அப்புறம் தாளின் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு ஒரே ஒரு கோடு. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தக் கோடு என்னடா?" என்றார். "அது வரைக்கும் வந்துச்சு. அப்பா பெயின்ட் அடிச்சும் தெரியுது." அக்கா ம் என்றார். அழுத்திக் கேட்கவில்லை, பயந்துட்டியா என்று கேட்கவில்லை, என்னைக் கூப்பிட்டு உங்க பொண்ணு மனசுல என்னமோ இருக்கு என்றெல்லாம் ஆரம்பிக்கவில்லை. தாளைக் காயப் போட்டார்.

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்தேன். சோபாவுக்குப் பின்னால், புதுப் பெயின்டுக்கு அடியில், மங்கலாக அந்தக் கோடு இருந்தது. நான் கவனித்ததே இல்லை.

சரி, குறைகளுக்கு வருகிறேன், இல்லாவிட்டால் காசு வாங்கிக்கொண்டு எழுதியது மாதிரி ஆகிவிடும். முதலாவது, திடீர் லீவு. ஒன்பது மாதத்தில் மூன்று தடவை வகுப்பு இல்லை என்று கடைசி நேரத்தில் தகவல் வந்தது, அதில் ஒரு தடவை நாங்கள் கிருமாம்பாக்கம் வந்துவிட்டோம். அடுத்த மாதக் கணக்கில் கழித்துக்கொள்கிறார்கள், அது சரி, பஸ் காசை யார் கழிப்பார்கள்? இரண்டாவது, மதியத்துக்கு மேல் தோட்டத்தில் கொசு, மழைக்காலத்தில் காலையிலேயே கொசு. மூன்றாவது, பேப்பர் கூழ் முகமூடி. திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகளைக் காட்டி, அதே மாதிரி பிள்ளைகளை முகமூடி செய்ய வைத்தார்கள், யோசனை நல்ல யோசனைதான். பிள்ளைகள் கை படுகிறது என்று மைதாப் பசையில், பூச்சி அரிக்காமல் இருக்கப் போடுகிற துத்தம் சேர்க்கவில்லை, அதுவும் நியாயம்தான். ஆனால் வீட்டில் மாட்டி ஒரு வாரத்தில் புலியின் ஒரு காதைக் கரப்பான் தின்றுவிட்டது. பசையில் வேப்பெண்ணெயாவது சேர்த்துப் பார்த்திருக்கலாம், இல்லை இது அதிக நாள் தாங்காது என்று முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

பெரிய சறுக்கல் மே மாத முகாம். ஐந்து நாள், 2,500 ரூபாய், எட்டுக்குப் பதிலாக 14 பேரைச் சேர்த்துவிட்டார்கள். அதே வீடு, அதே அக்கா, அதே அண்ணா. மூன்றாவது நாள் போனால் மேஜையில் ஏற்கெனவே வெட்டி வைத்த கலர் பேப்பர் மீன் அடுக்கியிருக்கிறது, பிள்ளைகள் செதிலை மட்டும் ஒட்ட வேண்டும். 14 பிள்ளைகளும் 14 மீனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது எனக்கு அந்த டைனிங் ஹால் ஞாபகம் வந்துவிட்டது. அக்காவிடம் சொன்னேன். ஓடு மாற்ற வேண்டியிருந்தது, பணத் தேவை, அதுதான் சேர்த்துவிட்டேன், இனிமேல் செய்ய மாட்டேன் என்று மழுப்பாமல் ஒத்துக்கொண்டார். அதனால்தான் சொல்கிறேன், எங்கே சேர்ப்பதானாலும் டீச்சர் எவ்வளவு நல்லவர் என்பதற்கு முன்னால் எத்தனை பேர் என்று கேளுங்கள், விளம்பரத்தில் போட்டிருக்கிற எண்ணை நம்பாமல் ஒரு சனிக்கிழமை போய்ச் செருப்பை எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று, ஒன்பது பத்து வயசுக்கு மேல் உள்ள பிள்ளைகளுக்கு இந்த வகுப்பு கொஞ்சம் போதாது என்பது என் அபிப்பிராயம். அந்த வயசில் படம் நிஜம் மாதிரி இருக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது, வரவில்லை என்றால் எனக்கு வரைய வராது என்று மூட்டை கட்டிவிடுகிறார்கள், நான் கட்டியதும் ஐந்தாம் வகுப்பில்தான். பதினொரு வயசுப் பெண் ஒருத்தி இங்கே இருக்கிறாள், அவளுக்கு நிழல், தூரம், அளவு எல்லாம் யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டிய கட்டம். அண்ணா முயற்சி செய்கிறான், ஆனால் பக்கத்தில் ஐந்து வயசுப் பையன் கலர்த் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டிருந்தால் அவனும் என்னதான் செய்வான். பெரிய பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்கினால் நல்லது. அரசுத் தேர்வில் டிராயிங் லோயர், ஹையர் எழுத வைக்க வேண்டும், போட்டிக்கு அனுப்ப வேண்டும், சான்றிதழ் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம், இங்கே அது எதுவும் கிடையாது.

ஃபீஸ் மாதம் நாலு வகுப்புக்கு 1,800 ரூபாய். தாள், கலர், மண் எல்லாம் அவர்களே கொடுக்கிறார்கள், சூளைக்கு மட்டும் பொம்மைக்கு 100 ரூபாய் தனி, வெடித்தாலும் அதே 100 ரூபாய்தான். பழைய வகுப்பில் மாதம் 500, ஆனால் கலர் பென்சிலும் சார்ட்டும் மாதாமாதம் நாம் வாங்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் இது அதிகம்தான், பஸ்ஸும் சேர்ந்தால் எங்கள் சம்பளத்துக்கு உறைக்கிற தொகை. என் வீட்டுக்காரருக்கு இன்னும் அரை மனசு.

அத்தைக்கு முதல் நாலு மாதம் முழு மனசாகவே பிடிக்கவில்லை. "இவ்வளவு காசு கொடுத்து என்ன கத்துக்கிட்டா? ஒரு மயில்கூடப் போடத் தெரியல" என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, யாராவது விருந்தாளி வந்தால் எடுத்துக் காட்டும்படி ஒரு படம் இதுவரை வீட்டுக்கு வரவில்லை. வலது மூளை வளரும், கற்பனைத் திறன் பெருகும் என்று போஸ்டரில் போடுகிறார்களே, அதெல்லாம் நடந்ததா என்று என்னால் சொல்ல முடியாது, மூளையைத் திறந்தா பார்த்தேன். நான் பார்த்தது ஒன்றுதான். முன்பெல்லாம் ஒவ்வொரு கோட்டுக்கும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து "சரியா இருக்காம்மா?" என்பாள். ஆகஸ்டு வாக்கில் ஒரு நாள் சமையலறையில் இருந்தபோதுதான் கவனித்தேன், ஹாலில் ஒரு மணி நேரமாக வரைந்துகொண்டிருக்கிறாள், என்னைக் கூப்பிடவே இல்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயம். பெரியவர்களுடைய பழைய அரைக்கைச் சட்டை ஒன்று கொடுத்தனுப்புங்கள், பட்டனைப் பின்பக்கமாகப் போட்டால் முட்டி வரை மறைக்கும், கலர் போகவே போகாது. பதினொரு மணிக்குச் சாப்பிட ஏதாவது டப்பாவில் வேண்டும், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம் என்பார்கள், தாளில் கறை பிடிக்கும். வண்டியில் போனால் தெருவுக்குள் கார் நுழையாது, மெயின் ரோட்டிலேயே விட வேண்டும். காத்திருக்கிற இரண்டரை மணி நேரத்துக்குத் திண்ணை போதும், ஆனால் வெயில் பதினொன்றுக்கு அங்கே வந்துவிடும், வலது பக்க ஓரம்தான் நிழல், அந்த ஓரத்தில் பெரும்பாலும் நான் இருப்பேன்.

வருகிற சனிக்கிழமை மறுபடி களிமண். பாப்பா இன்னொரு லட்சுமி செய்யப் போகிறாளாம், பழையது ஸ்வீட் டப்பாவில், பெவிகால் வழிய வழிய ஒட்டி, வயிற்றில் ஓட்டையோடு அத்தையின் பூஜை அலமாரிக்குக் கீழ்த்தட்டில் நிற்கிறது. அந்த ஓட்டை வழியாக விரலை விட்டு உள்ளே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவையாவது குடைவாயா என்று கேட்டேன்.

"கொஞ்சமா," என்றாள்.